இஎம்எஃப் அரியர்: சுற்றிச் சுற்றி வரும் புலத்துக்கு கர்ல் எப்படி சுழியம் ஆகும்?

கமுதிக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருடம் இசிஇ சேர்ந்தவன். பத்தாவது வரை தமிழ் மீடியம். நாலாவது செமஸ்டரில் எல்லா பேப்பரும் கிளியர், இஎம்எஃப் (மின்காந்தப் புலங்கள்) மட்டும் போய்விட்டது. நம்ப முடியாமல் பணம் கட்டி விடைத்தாள் போட்டோகாப்பி வாங்கிப் பார்த்தேன். 34 மார்க்.

திருத்தியவர் மேல் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. கோஆக்சியல் கேபிளுக்குள் மின்புலம் கண்டுபிடிக்கச் சொல்லி 13 மார்க் கேள்வி. காஸ் விதிதானே என்று சந்தோஷமாக ஆரம்பித்தேன். உருளையின் வளைந்த பரப்பைத் தொகையிடும் இடத்தில் டிஃபை டிஇசட் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு ரோ (உருளையின் அச்சிலிருந்து உள்ள தூரம்) வரவேண்டுமாம். அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம். அதற்கப்புறம் ஒன்றரைப் பக்கம் எழுதியது அத்தனையும் வீண். அந்த ரோ எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புத்தகத்தில் பட்டியல் இருக்கிறது, அதை மனப்பாடம் செய்திருந்தேன், பரீட்சை ஹாலில் மறந்துவிட்டது. அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய குழப்பம் கர்ல். வகுப்பில் கர்ல் என்றால் சுழற்சி என்றார்கள். நேரான கம்பியில் மின்னோட்டம் போனால் காந்தப்புலம் அதைச் சுற்றி வட்டம் வட்டமாக வரும், டிப்ளமோவில் இரும்புத்தூள் தூவிப் பார்த்திருக்கிறோம். ஆனால் கம்பிக்கு வெளியே கர்ல் எச் (எச் என்பது அந்தக் காந்தப்புலம்) சுழியம் என்கிறது புத்தகம். சுற்றிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்குச் சுழற்சி இல்லை என்றால் எப்படி? கேட்டேன். 'ஜே (மின்னோட்ட அடர்த்தி) அங்கே இல்லை, அதனால் சுழியம்' என்று பதில் வந்தது. அது சமன்பாட்டைத் திருப்பிச் சொல்வது, இல்லையா?

மூன்றாவது, கெப்பாசிட்டர். நடுவில் காற்று. எலக்ட்ரான் தாண்டுவதில்லை. ஆனாலும் 'இடப்பெயர்ச்சி மின்னோட்டம்' போகிறது என்கிறார்கள். போவது எது?

நவம்பரில் அரியர் எழுத வேண்டும், கூடவே ஐந்தாவது செம் பேப்பர்களும். இதையெல்லாம் புரிந்து படிக்க நேரம் உண்டா, அல்லது பேசாமல் உருப்போட்டுவிட்டு நகர்ந்துவிடலாமா?

பாஸ்மார்க் பதில்:

ப்ரோ, உருப்போடு. பார்ட் ஏ பத்து இரண்டு மார்க், பார்ட் பி ஐந்து 13 மார்க், பார்ட் சி ஒரு 15. பழைய கேள்வித்தாள்களை எடுத்துப் பார், பயோட்-சாவர்ட், எல்லை நிபந்தனைகள், பாய்ண்டிங் தேற்றம், அலைச் சமன்பாடு எல்லாம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். இந்த நாலையும் படத்தோடு பத்துத் தடவை எழுதிப் பார்த்தால் கரையேறிவிடலாம். எனக்கு இன்னும் கர்ல் புரியவில்லை. நான் பாஸ். பெங்களூருவில் ஜாவா எழுதிக்கொண்டிருக்கிறேன், இதுவரை யாரும் கர்ல் கேட்டதில்லை.

ஸ்க்ரூடிரைவர் பதில்:

தம்பி, நானும் லேட்டரல் என்ட்ரிதான். எனக்கும் இதே பேப்பர்தான் போனது, ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இப்போது மின்காந்த இடையூறு சோதிக்கிற ஒரு லேபில் வேலை, அதாவது நாள் முழுக்க எனக்குச் சோறு போடுவது அந்த அரியர் பேப்பர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உனக்கு இஎம்எஃப் வரவில்லை என்று நினைக்கிறாய் பார், அது தப்பு. உனக்கு வராமல் போனது முதல் வருடம். கிரேடியன்ட், டைவர்ஜன்ஸ், கர்ல், ஸ்டோக்ஸ் தேற்றம் எல்லாம் எம்-2 கணக்குப் பேப்பரில் நடத்துவார்கள். நீயும் நானும் அந்த வகுப்பில் உட்காரவே இல்லை. பாலிடெக்னிக்கில் நாம் போட்ட இன்டெகரேஷனில் எக்ஸ் மட்டும்தான் மாறும். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று நினைக்காதே, ஆனால் அவர்களுக்கு அந்தச் சொற்கள் ஒரு தடவையாவது காதில் விழுந்திருக்கும். ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருவனைப் பிடித்து எம்-2 நோட்டை வாங்கு, வெக்டர் கால்குலஸ் யூனிட் ஒன்று போதும். வெட்கப்படாதே. நான் வெட்கப்பட்டதால்தான் இரண்டாவது தடவையும் போனது.

அந்த ரோவுக்கு வருவோம். என் தாத்தா களத்தில் பிணையல் ஓட்டுவார். நாலு மாட்டை வரிசையாகப் பிணைத்து வைக்கோல் மேல் சுற்றவிட்டால், நடுவில் இருக்கிற மாடு நின்ற இடத்திலேயே திரும்பும், கடைசி மாடு ஓட்டமும் நடையுமாக வரும். அதனால்தான் உள்ளே கிழட்டு மாட்டையும் ஓரத்தில் இளங்காளையையும் கட்டுவார். நாலும் திரும்பிய கோணம் ஒன்றே, அது டிஃபை. நடந்த தூரம் வேறு வேறு, அது ரோ டிஃபை. பரப்பு என்பது நீளத்தை நீளத்தால் பெருக்குவது. டிஃபை நீளம் இல்லை, கோணம். ரோவைப் பெருக்கினால்தான் அது நீளமாகும். பரீட்சையில் சந்தேகம் வந்தால் அலகைப் பார்: நீ எழுதிய டிஃபை டிஇசட்டுக்கு அலகு மீட்டர், பரப்புக்கு வேண்டியது சதுர மீட்டர். விட்டுப்போன மீட்டர்தான் அந்த ரோ. கோள ஆயத்தில் வரும் ஆர் சைன் தீட்டா டிஃபையும் இதே கதைதான். நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கரேகையைக் கடக்க 111 கிலோமீட்டர் நடக்க வேண்டும். துருவத்துக்குப் பக்கத்தில் நாலு எட்டில் கடந்துவிடலாம். அந்தச் சுருக்கம்தான் சைன் தீட்டா, தீட்டா துருவத்திலிருந்து அளக்கும் கோணம்.

கர்ல். நீ கேட்டது நல்ல கேள்வி, எனக்கு அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் ஊர்த் திருவிழாவில் இரண்டு ராட்டினம் வருமா? குடைராட்டினக் குதிரையில் உட்கார்ந்தால் ஒரு சுற்று முடிவதற்குள் உன் முகம் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு நாலையும் பார்த்துவிடும். சுற்றியும் வருகிறாய், நீயும் திரும்புகிறாய். பெரிய ராட்டினத் தொட்டிலில் உட்கார்ந்தாலும் சுற்றித்தான் வருகிறாய், ஆனால் உன் தலை எப்போதும் வானத்தைப் பார்த்தே இருக்கும். நீ திரும்பவே இல்லை. கர்ல் கேட்பது 'சுற்றி வருகிறதா' என்று அல்ல. அந்தப் புள்ளியில் ஒரு சின்னக் காற்றாடியை வைத்தால் அது தன்னைத்தானே திருகிக்கொள்ளுமா என்றுதான் கேட்கிறது. கம்பிக்கு வெளியே புலம் பெரிய ராட்டினம். கம்பிக்கு உள்ளே குடைராட்டினம்.

கதையாகச் சொன்னால் போதாது, போட்டுப் பார். இந்தப் புலத்துக்கு கர்லின் இசட் பகுதி எடுக்க: ரோவையும் எச்சையும் பெருக்கு, ரோவைப் பொறுத்து வகையிடு, கடைசியில் ரோவால் வகு. வெளியே எச் என்பது ஐ (மின்னோட்டம்) வகுத்தல் 2 பை ரோ. ரோவால் பெருக்கினால் மிஞ்சுவது ஐ வகுத்தல் 2 பை, வெறும் மாறிலி. வகையிட்டால் 0. காற்றாடியின் உள்பக்க இறகை புலம் பலமாகத் தள்ளுகிறது, வெளிப்பக்க இறகை மெதுவாக. இது ஒரு பக்கம் திருப்பப் பார்க்கும், பாதை வளைந்திருப்பது எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். புலம் 1/ரோ என்ற கணக்கில் குறைந்தால் இரண்டும் சரிக்குச் சரி அடிபட்டுப் போகும். உள்ளே, கம்பியின் ஆரம் ஏ என்றால், எச் என்பது ஐ ரோ வகுத்தல் 2 பை ஏ வர்க்கம். அதே வேலையைச் செய். ஐ வகுத்தல் பை ஏ வர்க்கம் வரும். மின்னோட்டத்தைக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்திருக்கிறாய், அதுதான் ஜே. நான் இதை முதல் தடவை போட்டபோது ராத்திரி பதினொன்றரை, ஹாஸ்டலில் கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி. மூன்றாவது முயற்சிக்குப் பத்து நாள் இருந்தது.

கெப்பாசிட்டருக்கு நீ ஏற்கெனவே சோதனை செய்து பார்த்திருப்பாய், டிப்ளமோக்காரன்தானே. நியான் டெஸ்டரை லைனில் வைத்துப் பின்னால் விரல் வைத்தால் விளக்கு எரியும். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றால்? அப்போதும் எரியும், கொஞ்சம் மங்கலாக. ஸ்டூல் வழியாக எலக்ட்ரான் எதுவும் தரைக்கு இறங்கவில்லை. உன் உடம்பு ஒரு தட்டு, தரை இன்னொரு தட்டு. சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 7 மைக்ரோஆம்பியர் வரும், நியான் மினுங்க அது போதும். தட்டுகளுக்கு நடுவில் போவது சுமை அல்ல. புலம் ஏறி இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்க வேகத்துக்குத்தான் அந்தப் பெயர். பெயரில் மின்னோட்டம் என்று இருப்பதுதான் ஆளைக் குழப்புகிறது.

அது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சாக்கை நினைத்துக்கொள். கெப்பாசிட்டருக்குப் போகும் கம்பியைச் சுற்றி ஆம்பியர் வளையம் போடுகிறாய், அதுதான் சாக்கின் வாய். வளையத்தைச் சுற்றி எச்சைக் கூட்டினால், அந்த வாயை மூடும் பரப்பைக் குத்திப் போகும் மின்னோட்டம் வரவேண்டும் என்பது ஆம்பியர் விதி. வாயில் தட்டையாக ஒரு மூடி போட்டால் கம்பி அதைக் குத்திக்கொண்டு போகும், மின்னோட்டம் ஐ. மூடிக்குப் பதில் சாக்கின் உடம்பையே பரப்பாக எடுத்து, அதைத் தட்டுகளுக்கு நடுவில் தள்ளிவிட்டால் கம்பி எங்குமே குத்தாது, மின்னோட்டம் 0. வாய் ஒன்று, விடை இரண்டா? இந்த ஓட்டையை அடைக்கத்தான் மேக்ஸ்வெல் டி புலம் (மின் இடப்பெயர்ச்சிப் புலம்) மாறும் வேகத்தையும் சேர்த்தார். ஒரு கணக்குத் தருகிறேன், போட்டுவிட்டு வந்து சொல்: தட்டின் பரப்பு 10 சதுர செமீ, இடைவெளி 1 மிமீ, நடுவில் காற்று. 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் எவ்வளவு? அதே தட்டில் 1 வோல்ட் 100 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு?

கடைசியாக, எதற்கு இதெல்லாம் என்றால், பாஸ்மார்க் சொல்வது அவருக்குச் சரி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் ஒரு இரும்புப் பெட்டி சோதனைக்கு வந்தது, உள்ளே கண்ட்ரோல் போர்டு. 500 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கதிர்வீச்சு வரம்பைத் தாண்டிக்கொண்டே இருந்தது. போர்டை வடிவமைத்தவர்கள் இரண்டு நாள் ஃபில்டர் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நான் ஸ்கேலை எடுத்து மூடியில் இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவே அளந்தேன். 30 செமீ. 500 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 60, அதில் பாதி. மூடியின் விளிம்பெல்லாம் பவுடர் கோட்டிங், இரும்பும் இரும்பும் தொடவே இல்லை. பெயின்ட் தடிமன்தான் இடுக்கு, ஆனால் ஸ்லாட் ஆன்டெனாவுக்கு (உலோகத்தில் உள்ள நீள இடுக்கே ஆன்டெனாவாகிவிடுவது) அது போதும், நீளம்தான் அதற்கு முக்கியம். உப்புத்தாள் வாங்கி வந்து விளிம்பில் பெயின்டைச் சுரண்டினோம், நடுவில் இரண்டு ஸ்க்ரூ கூடுதலாகப் போட்டோம். சாயங்காலம் பாஸ்.

சாக்பீஸ் பதில்:

தம்பி, நான் இந்தப் பாடத்தை நடத்துகிறவள். 'ஜே இல்லை, அதனால் சுழியம்' என்ற பதிலை நானும் அவசரத்தில் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருடம் ராட்டினத்தை வகுப்புக்குக் கொண்டுபோகப் போகிறேன், ஸ்க்ரூடிரைவர் ஆட்சேபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அவர் எழுதியதில் ஒரு திருத்தம். கம்பிக்கு உள்ளே எச் ரோவோடு நேர்விகிதத்தில் ஏறும் என்பது மின்னோட்டம் சீராகப் பரவியிருந்தால் மட்டும்தான், அதாவது டிசி, அல்லது மெல்லிய கம்பியில் தாழ்ந்த அதிர்வெண். அதிர்வெண் கூடினால் மின்னோட்டம் மேற்பரப்புக்கு ஒதுங்கிவிடும். தாமிரத்தில் தோல் ஆழம் (மேற்பரப்பிலிருந்து மின்னோட்டம் உள்ளே இறங்கும் ஆழம்) 50 ஹெர்ட்ஸில் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1 மெகாஹெர்ட்ஸில் 0.066 மிமீ. அப்போது கம்பியின் நடுப்பகுதி சும்மா கிடக்கும், உள்ளே குடைராட்டினம் ஓடாது. பரீட்சையில் 'சீரான மின்னோட்ட அடர்த்தி என்று கொண்டால்' என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆரம்பி.

தோல் ஆழத்தை என் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு தினமும் நடத்துகிறது. அலுமினியக் குண்டானை வைத்தால் அது கத்திவிட்டு நின்றுவிடும். இரும்பில் காந்த உட்புகுதிறன் அதிகம், அதனால் தோல் ஆழம் குறைவு, மின்னோட்டம் மெல்லிய படலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஓட வேண்டும், தடை கூடும், சூடாகும். அலுமினியத்திலும் சுழல் மின்னோட்டம் ஓடத்தான் செய்கிறது, ஆனால் நிம்மதியாக ஓடுகிறது. என் மாமியார் இதை ஒப்புக்கொள்ளவில்லை, அடுப்பு மட்டம் என்கிறார்.

முதல் வருடக் கணக்கு இல்லாமல் வந்தோமே என்று கூசுகிறாய் என்றால், இதையும் கேள். மேக்ஸ்வெல் 1865 கட்டுரையில் எழுதியது நாலு சமன்பாடு அல்ல, 20. கர்ல் என்ற பெயர்கூட அவர் பிறகு, 1871இல் வைத்தது. இன்று நீ படிக்கும் நாலு வரி வடிவத்துக்கு 1880களில் கொண்டுவந்தவர் ஆலிவர் ஹெவிசைட். 16 வயதோடு பள்ளிக்கூடம் நின்றது, பிறகு தந்தி ஆபீஸ் வேலை, கணக்கெல்லாம் தானாகப் படித்ததுதான். அவருக்கும் எம்-2 யாரும் நடத்தவில்லை.

மார்க் விஷயம்: படம் போடு, திசைகளைக் குறி, கடைசியில் அலகு எழுது. ஒரு ரோ விட்டுப்போனாலும் அணுகுமுறைக்கு மார்க் தர எங்களுக்குப் பிடிமானம் வேண்டும். படமில்லாத ஒன்றரைப் பக்கத்தில் பிடிமானம் கிடைப்பதில்லை.

மொட்டைமாடி பதில்:

படிப்புக்காரர்கள் நடுவில் நான் ஒரு பழைய டிவி மெக்கானிக். தூத்துக்குடிப் பக்கம் இலங்கை டிவி ரூபவாஹினி இழுப்பதற்காக மாடி மாடியாக ஏறி யாகி ஆன்டெனா கட்டியவன். அப்போதெல்லாம் தட்டை ஒயர், 300 ஓம். பிறகு 75 ஓம் கோஆக்சியல் வந்தது, எல்லோரும் அதை நேராகத் திருகிவிட்டார்கள். பக்கத்து ஸ்டேஷன் படம் பழுதில்லாமல் வரும், இலங்கை மட்டும் புள்ளி புள்ளியாக இரையும். ஏன் என்று தெரியாது. என் மகன் இதே பேப்பர் குடும்பத்தில் அடுத்த பாடமான டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் படித்தபோதுதான் கணக்குப் போட்டுக் காட்டினான்: 300இலிருந்து 75 போனால் 225, இரண்டையும் கூட்டினால் 375, வகுத்தால் 0.6. அதன் வர்க்கம் 0.36. நூற்றில் 36 பங்கு திரும்பி ஆகாசத்துக்கே போய்விடுகிறது. பலமான ஸ்டேஷனுக்கு அது தெரியாது, கடல் தாண்டி வருகிற சிக்னலுக்கு அது பெரிய அடி. நடுவில் 300 ஓமையும் 75 ஓமையும் பொருத்திவைக்கும் கட்டைவிரல் அளவு ஒரு பாலன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீர்ந்தது. அதைத்தான் நாங்கள் காரணம் தெரியாமலே ஒரு கடைக்காரர் சொன்னார் என்று பிற்பாடு போட ஆரம்பித்தோம். தம்பி, அடுத்த செம்மில் இது வரும்போது என்னை நினைத்துக்கொள்.

கமுதிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பாஸ்மார்க் அண்ணன் சொன்ன நாலையும் எழுதிப் பார்க்கத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை.

ஸ்க்ரூடிரைவர் அண்ணா, கணக்குப் போட்டேன். கெப்பாசிட்டன்ஸ் 8.854 பிக்கோஃபாரட். 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் 0.64 மைக்ரோஆம்பியர். 1 வோல்ட் 100 மெகாஹெர்ட்ஸில் 5.6 மில்லிஆம்பியர். வோல்டேஜ் இவ்வளவு குறைந்தும் மின்னோட்டம் எட்டாயிரம் மடங்குக்கு மேல் கூடியதைப் பார்த்து முதலில் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே விடை. புலம் வேகமாக மாறுவதுதானே காரணம்?

எம்-2 நோட்டு கிடைத்துவிட்டது, பக்கத்து அறை ஜூனியரிடம். 'எதுக்குண்ணே உங்களுக்கு?' என்றான். ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன். கர்ல் கணக்கை உள்ளே வெளியே இரண்டும் போட்டுவிட்டேன், ஜே வந்தது.

உருளை ஆயத்துக்கு ஃபார்முலா ஷீட் எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். அதில் ரோ டிஃபை பக்கத்தில் வரிசையாக நாலு மாடு. ரூம்மேட் அதைப் பார்த்துவிட்டு, அரியர் வைத்ததில் இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். அம்மா இன்று காலையில் கூப்பிட்டு, 'என்னப்பா, மாடு வாங்கப் போறியா?' என்று கேட்டார்.

ஸ்க்ரூடிரைவர்:

0.64, 5.6 இரண்டும் சரி. காரணமும் சரி. கோஆக்சியல் கேள்வியை இப்போது மறுபடி முழுசாக எழுதிப் பார், படத்தோடு. சிவப்பு வட்டம் விழுந்த அதே கேள்வியை.